இருக்கேன், சொல்லுங்க

எங்கள் அறையில் தேநீரைச் சூடாகக் குடித்தவர் எவரும் இலர். கோப்பை உதட்டருகே வரும்போதுதான் எங்கோ ஒருவருக்கு மூச்சு முட்டும். ஆறிய தேநீரே எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் கொடுத்த இது கை சுடுகிறது, அம்மா. சற்று இருக்கட்டும். அதற்குள் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நீங்கள் கேட்பது நாற்பது விநாடி. தையற்காரம்மாவின் அழைப்புப் பதிவில் கடைசி நாற்பது விநாடி இல்லை. அதை அழித்தவன் நான். அதில் அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பது எனக்கு மட்டுமே தெரியும். அவருடைய தங்கை வெளியே நடைவழிப் பலகையில் அமர்ந்திருக்கிறார் என்றும், அக்காள் தன்னைப்பற்றி ஏதேனும் சொன்னாளா என்பதைத் தவிர இந்த விசாரணையில் அவருக்கு வேறொன்றும் வேண்டாம் என்றும் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் கடைசி அடியை மட்டும் பிய்த்தெடுத்துக் கொடுத்தால் பாட்டு விளங்காது. முதலிலிருந்து வரவேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவசர அழைப்பு நிலையத்தில் பணி. சன்னல் இல்லாத அறை. காலடி ஓசையை விழுங்கும் விரிப்பு. பன்னிரண்டு மேசைகள். அவற்றுள் சில கேட்கும் மேசைகள், சில அனுப்பும் மேசைகள். என்னுடையது கேட்கும் மேசை. பக்கத்து மேசையில் இருப்பவர் வண்டிகளை அனுப்புபவர். அவரைப் 'பூகோளம்' என்போம். எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தம் வீட்டு அலமாரியில் சட்டை எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது என்று அவர் மனைவி எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அழைப்பு வந்தால் திரையில் ஒரு படிவம் திறக்கும். இடம், நிகழ்ந்தது, எத்தனை பேர், உடன் யார், அடையாளம் என்று ஐந்து கட்டங்கள். ஐந்தும் நிரம்பினால்தான் படிவம் பூகோளத்தின் திரைக்குப் போகும். 'அடையாளம்' என்ற கட்டம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் இருந்து, வண்டி தவறான தெருவுக்குப் போய் ஒருவர் இறந்தார். அதன்பின் நீர்த்தொட்டிக்கு எதிரில், அச்சகத்துக்குப் பக்கத்தில் என்று ஏதேனும் ஒன்றை எழுதாமல் படிவம் நகராதபடி செய்துவிட்டார்கள். நல்ல விதி. அதைக் கொண்டுவரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியவனே நான்தான்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுப்பவனும் நானே. இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று முதல் நாள் கேட்பேன். இரக்கம் என்பார்கள், துணிவு என்பார்கள். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "ஒன்னுக்கு அடக்கத் தெரியணும் சார்" என்றாள். எட்டு மணி நேரம் எழ முடியாத அந்த நாற்காலியைப்பற்றி அதைவிடச் சரியாக எவரும் சொன்னதில்லை.

நான் சொல்வது செவியைப்பற்றி. பெயரைக் கேட்காதே, இடத்தைக் கேள். பெயரை வைத்துக்கொண்டு வண்டியால் எங்கும் போக முடியாது. பதறாதீர்கள் என்று சொல்லாதே. பதறுகிற கைக்கு ஒரு வேலை கொடு: கதவைத் திற, துணியை வைத்து அழுத்து, மூச்சை என்னோடு சேர்ந்து எண்ணு. அவர் காதில் ஏறவில்லையென்றால் குரலை உயர்த்தாதே. அதே வாக்கியத்தை அதே சுருதியில் மறுபடி சொல். மூன்றாம் முறை நுழையும். பிழைத்துவிடுவீர்கள் என்று வாக்குக் கொடுக்காதே. இருக்கிறேன் என்று மட்டும் சொல், ஏனெனில் உன்னால் காப்பாற்றக்கூடிய வாக்கு அது ஒன்றே.

"இருக்கேன், சொல்லுங்க." இந்த இரண்டு சொற்களை நான் சொல்லும் விதத்தை வகுப்பில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். விடியலில் எழுந்து பத்துத் துதிப்பாடல்கள் ஓதிய பின்பே நான் அன்றைய முதற்சொல்லைப் பேசுவேன். அந்தப் பழக்கம் குரலுக்கு ஒரு நிலைபேற்றைத் தந்தது. ஒரு குழந்தை என் குரலைக் கேட்டே பிறந்தது. தொண்டையில் பொத்தான் சிக்கிய ஒரு சிறுமி என் எண்ணிக்கைக்கு அவள் தகப்பன் முதுகில் தட்ட, ஏழாம் தட்டில் அழுதாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் நல்ல பணியாளன்.

குறை ஒன்று இருந்தது. அது என்னுடைய குறை அன்று, தொழிலின் குறை.

வண்டியாட்கள் வீட்டுக்குள் நுழைவதை நாங்கள் 'கை வந்தாச்சு' என்போம். கை வந்ததும் அழைத்தவர் தொலைபேசியை எங்காவது வைத்துவிடுவார். தரையில் வைக்கும் ஒலி, நாற்காலி நகரும் ஒலி, யாரோ ஒருவரின் "தள்ளுங்க, தள்ளுங்க." அவ்வளவே. பிறகு இணைப்பு அறும். என்னோடு சேர்ந்து மூச்சை எண்ணியவர் பிழைத்தாரா, அன்று பிறந்த குழந்தையின் தகப்பன் வந்து சேர்ந்தானா, ஒன்றும் தெரியாது. மருத்துவமனையைக் கேட்கக் கூடாது என்பது விதி. நன்றி சொல்லிவிட்டு வைத்தவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகளில் பதினொருவர்.

நான் பழம்பாடல்களில் ஊறி வளர்ந்தவன். வெண்பாவின் ஈற்றடி மற்ற அடிகளைவிடக் குறுகியது, மூன்றே சீர். அது வந்து விழுந்தால்தான் முன்வந்த மூன்றடிகளும் நிலத்தில் நிற்கும். வராவிட்டால் காற்றில் தொங்கும். என்னிடம் அப்படித் தொங்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. "பாப்பா நீலமாயிட்டா" என்று ஒரு தாய் பதினாறு ஆண்டுகளாக எங்கள் சமையலறைக் குழாயின் அடியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எட்டாவது மாடிங்க, லிப்ட் வேலை செய்யல" என்று மாடிப்படியின் மூன்றாம் திருப்பத்தில் ஒருவர். துணி அலமாரியைத் திறந்தால், "அவரு கண்ணு திறந்துதான் இருக்கு" என்று தணிந்த குரலில் ஒரு பெண். எவரும் என்னை அச்சுறுத்தியதில்லை. தத்தம் வாக்கியத்தை மட்டும் அதே சுருதியில் சொல்வார்கள். நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது உண்மை, அம்மா. மூன்றாம் முறை நுழையும்.

நான் அவர்களுக்கு மறுமொழி சொல்வதை ஒருநாள் என் மனைவி கேட்டுவிட்டாள்.

"யாரோட பேசுறீங்க?"

"ஆபீஸ் விஷயம்."

"அதை அங்கேயே பேசி முடிக்காம எதுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்க? இங்க உயிரோட இருக்கிற ஒருத்தி கேட்டா பதிலே வரமாட்டேங்குது."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அங்கேயே முடிப்பது என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் முதன்முதலாக வந்தது. இதற்காக அவளைக் குறை சொல்லாதீர்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடிகாரப் பழுதுபார்ப்பவர் அழைத்தார். மனைவி இறந்து, மாடியறையில் தனியே இருந்தவர். படிவத்தை உடனே அனுப்பினேன், வண்டியும் உடனே கிளம்பியது. இரயில் கேட் மூடியிருந்ததால் அங்கே சிக்கிக்கொண்டது. அதில் என் பிழை ஏதும் இல்லை, சரிபார்த்துக்கொள்ளலாம். இருபத்து மூன்று நிமிடம் அவரோடு இருந்தேன். சுவரில் எத்தனை கடிகாரம் என்று கேட்டேன். பதினான்கு என்றார், அவற்றுள் சரியான நேரம் காட்டுவது ஒன்றுகூட இல்லை என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இன்னும் இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன், சொல்லுங்க" என்றேன். "சரி" என்றார்.

அதுவே ஈற்றடி. அத்துணை ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு பாட்டு என் கையில் முழுமையாக இருந்தது. அன்று வீட்டில் குழாயைத் திறந்தேன். தண்ணீர் மட்டும் வந்தது. கடிகாரக்காரர் இன்றுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. முடிந்தவர்கள் வருவதில்லை, அம்மா. முடியாதவர்களே வருகிறார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு முதியவள் அழைத்தபோது, அடையாளம் என்ற கட்டத்தை நிரப்பச் சற்றுத் தாமதித்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். அடுத்தவருக்குச் சற்றுக் கூடுதல். அதன்பின் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டேன். அழைப்பு முடிந்ததும், 'முகவரி முழுமையில்லை, திரும்ப அழைத்தும் பதிலில்லை' என்று எழுதி மூடிவிடலாம். அப்படி மூடப்படும் படிவங்கள் நாள்தோறும் பல. விளையாட்டாக அழைப்பவர்களும் சொல்லத் தெரியாதவர்களும் எங்கும் உண்டு. மூடிய படிவங்களையும் அவற்றின் குரற்பதிவுகளையும் மாதந்தோறும் கேட்டுத் தரம் பார்ப்பவர் மூத்த பணியாளர். அந்த மூத்த பணியாளன் நானே.

தனியே இருந்தவர்களை மட்டுமே தேர்ந்தேன். "கூட யாராச்சும் இருக்காங்களா?" என்ற கேள்வி படிவத்திலேயே இருக்கிறது. அதை நான் புதிதாகச் சேர்க்கவில்லை. இருக்கிறார்கள் என்றால் ஐந்து கட்டங்களையும் இருபது விநாடியில் நிரப்பி அனுப்பிவிடுவேன். அந்த ஆண்டுகளில் என் வேகம் நிலையத்திலேயே முதலிடம். யாரும் இல்லை என்றால், நான் இருந்தேன்.

அவர்களை ஏமாற்றினேன் என்று சொல்வீர்கள். வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்னது உண்மைதான். அந்தச் சொல்லில் அவர்கள் எவ்வளவு அமைதி கொண்டார்கள் என்பதைப் பதிவுகளில் நீங்களே கேட்கலாம். வண்டி வந்திருந்தால் சிலர் பிழைத்திருப்பார்கள். எத்தனை பேர் என்று நான் கணக்கிடவில்லை, அது மருத்துவர்கள் செய்யவேண்டியது. நான் வேண்டுகின்ற இறைவனும் எல்லோருடைய அழைப்பையும் கேட்கிறான். எல்லோருக்கும் வண்டி அனுப்புவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதற்காகவே அவனைப் பாடுகிறோம்.

பதினேழு பேர். அவர்களுடைய கடைசிச் சொற்களை வரிசையாக மனப்பாடமாகச் சொல்வேன். பிறகு எழுதிக்கொள்ளலாம். தையற்காரம்மா பதினெட்டாமவர்.

பிற்பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அழைத்தார். "மார்புல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றார். ஐந்து சொல்லுக்கு ஒரு மூச்சு. எதிரொலி இல்லாத அறை, சுற்றிலும் துணி என்று தெரிந்தது. தையல் இயந்திரத்தின் மேல் கையூன்றி நிற்கிறாராம்.

"கூட யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல. நானும் தங்கச்சியும்தான். அவ வேலைக்குப் போயிருக்கா."

"பக்கத்துல அடையாளம் என்னம்மா?"

அவர் சொன்னதை நான் மறக்க இயலாது. "முனையில உங்க வண்டி ஒண்ணு எப்பவும் நிக்குமே. அதுக்கு ஆறாவது வீடு."

ஊரின் சில முனைகளில் வண்டிகளை ஆயத்தமாக நிறுத்தி வைப்பது எங்கள் வழக்கம். அந்த முனையில் நிற்பது ஏழாம் எண் வண்டி. இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கள் வண்டியையே அடையாளமாகச் சொன்னவர் அவர் ஒருவரே. நான் கட்டத்தைக் காலியாக விட்டேன். வண்டி கிளம்பிவிட்டது என்றேன்.

அவர் பேச விரும்பினார். பலர் விரும்புவார்கள். "உங்க வண்டிக்காரங்களுக்குச் சட்டை நாந்தாங்க தெச்சுக் குடுத்தேன்" என்றார். "ஒருத்தருக்குக் கை நீளமாப் போச்சு. இன்னும் பாக்கும்போதெல்லாம் கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவார்." நான் சிரித்தேன். அவரும் சிரிக்க முயன்றார். மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு.

ஒன்று ஐம்பத்தேழுக்கு, வாசற்கதவின் தாழைத் திறந்து வைக்கச் சொன்னேன். விதிப்படி சொல்ல வேண்டியது அது. மற்ற விதிகள் எதையும் நான் ஒருபோதும் விட்டதில்லை. அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். நடுவில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். தாழ் விலகும் ஒலி கேட்டது. தெருவின் ஒலிகள் உள்ளே வந்தன. அப்படியே வாசற்படியில் சாய்ந்து உட்காரச் சொன்னேன்.

சரியாக இரண்டு மணிக்கு வண்டியின் ஊதொலி கேட்டது. "சத்தம் கேக்குது" என்றார். "வந்துட்டாங்க."

"வந்துக்கிட்டே இருக்காங்கம்மா. இருக்கேன், சொல்லுங்க."

"நல்லாப் பேசுறீங்க" என்றார்.

அந்த இடத்தில் பதிவை முடித்திருந்தால் அது ஒரு முழுமையான பாட்டு. ஆகவே நான் பிற்பாடு அதைச் செம்மை செய்தேன். சில நிமிடங்கள் நீண்ட அமைதி, அதை விட்டுவைத்தேன். அதன்பின் வந்த நாற்பது விநாடியை மட்டும் நீக்கினேன். முன்னாலிருந்த முகவரியை வகுப்புக்கான பிரதியில் எடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பதிவைப் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஏன் போட்டேன் என்று கேட்டீர்கள். மூச்சு முட்டுகிறவரை எப்படி அமைதிப்படுத்துவது என்பதற்கு என்னிடம் அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. அறையில் இருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது பூகோளம் தம் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். ஊதொலி வந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"நிறுத்துய்யா. அந்தச் சத்தத்தை மறுபடி போடு."

போட்டேன். மறுத்தால் தவறாகத் தோன்றும்.

"இது ஓடுற வண்டி இல்ல" என்றார். "ஓடுற வண்டின்னா சத்தம் வளரணும். இது வளரவே இல்ல. நிக்கிற வண்டி தொண்டை கனைக்குது."

இரண்டு மணிக்கு வண்டியாட்கள் முறை மாறுவார்கள். புதிதாக ஏறுபவர்கள் ஊதுகுழல் வேலை செய்கிறதா என்று நின்ற இடத்திலேயே மூன்று விதமாக ஒலித்துப் பார்ப்பார்கள். அதைத்தான் தொண்டை கனைப்பது என்போம். எங்கள் அறைக்கு வெளியே இது எவருக்கும் தெரியாது. உள்ளே தெரியாதவர் எவரும் இல்லை. எனக்கும் தெரிந்ததுதான். அத்தனைமுறை கேட்டும் நான் அதை அவருடைய குரலுக்குப் பின்னால் ஒலிக்கும் சுருதிப்பெட்டியாகவே கேட்டிருக்கிறேன்.

"ரெண்டாவது ஊது பாதியில அறுந்துபோவுது பாரு. ஏழாம் நம்பருக்கு மட்டும்தான் அந்த வியாதி. மூணு மாசமா எழுதிக் குடுத்துட்டு இருக்கேன், ஒரு பய சரி பண்ணல." பிறகு என்னைப் பார்த்தார். "இந்த அம்மா வீடு எங்க?"

"முகவரி கிடைக்கல."

"இவ்ளோ தெளிவாக் கேக்குதுன்னா ஏழெட்டு வீடு தள்ளிதான். நடந்தே போயிருப்பானுங்க. படிவம் எங்கிட்ட ஏன்யா வரல?"

"கிளாஸ் முடிஞ்சதும் பேசலாம்."

"இல்ல. இப்பப் பேசு. இருபது வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன். என்னைப் பாத்துச் சொல்லு."

நான் அவரைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியை அணைத்தேன். அன்று மாலையே அவர் மேலிடத்துக்குப் போய், நான் மூடிய படிவங்கள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் அழைத்தவர் குரலில் சொன்ன இடத்தைக் கேட்டுக் கேட்டுத் தெருவைக் கண்டுபிடித்தார் என்று அறிகிறேன். அவருக்கு அது எளிது.

அதற்கு முன்பே தங்கை இரண்டுமுறை எங்கள் நிலையத்துக்கு வந்து போயிருந்தாராம். முகவரி முழுமையில்லை என்று சொல்லித் திருப்பியனுப்பியிருக்கிறார்கள். தங்கை மருந்துக் கிடங்கில் பொட்டலம் கட்டுபவர். உணவு இடைவேளை முடிந்து இரண்டு ஐந்துக்கு மணி அடித்ததும் எல்லோரும் தொலைபேசியைப் பூட்டறையில் வைத்துவிட வேண்டும். மணி அடிக்கும்வரை கையில்தான் வைத்திருந்தேன் என்று அவர் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். மாலையில் பூட்டறையைத் திறந்தபோது அக்காளிடமிருந்து எடுக்கப்படாத அழைப்பு ஒன்று இருந்தது. இரண்டு ஐந்து கடந்து பதினெட்டு விநாடி. வீட்டுக்கு ஓடி வந்தவர், அக்காளைத் திறந்த வாசலிலேயே கண்டார். உதவி வரும் இணைப்பை விட்டுவிட்டு அக்காள் ஏன் தன்னை அழைத்தாள், அதற்கு முன் என்ன சொன்னாள் என்பதே அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி.

அதோடு நான் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்த நாள் முதல் எங்கள் வீட்டில் ஒரு தொலைபேசி ஒலிக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. முழுவதும் ஒலிக்கும், எவரும் எடுக்கமாட்டார்கள், நின்றுவிடும். மற்றவர்களைப் போலன்றி அது ஒரு வாக்கியத்தைக்கூடச் சொல்வதில்லை. தங்கைக்குப் போன அழைப்பைப்பற்றி நீங்கள் இன்று காலை சொல்லும்வரை எனக்கு அதன் பொருள் தெரியாது.

நாற்பது விநாடிக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நான்கு ஆகி முப்பது விநாடி. வெகுநேரம் பேசாதிருந்தவர், "வண்டி நிக்குதுங்க" என்றார். திறந்த வாசலிலிருந்து முனை தெரிந்திருக்கிறது. "முனையிலயே நிக்குது. கண்ணாடி தொடச்சிட்டு இருக்காங்க." ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. கூப்பிடும் அளவுக்குக் குரல் இல்லை என்பதை நான் அறிவேன்.

"வந்துக்கிட்டே இருக்காங்கம்மா" என்றேன்.

"நீங்க அனுப்பல." அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"இருக்கேன், சொல்லுங்க."

"வைங்க. தங்கச்சிகிட்டப் பேசணும்."

கை வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது விதி. அதைச் சொன்னேன். "மணி அடிச்சிடும்" என்றார். என்ன மணி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. "வைங்க" என்றார். "இணைப்புல இருங்கம்மா, நான் இருக்கேன்" என்றேன். அவர் மறுபடியும் "வைங்க" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. அதே வாக்கியத்தை அதே சுருதியில் மறுபடி சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

இரண்டு ஐந்து கடந்து பத்து விநாடி. அப்போதும் வண்டி ஆறு வீடுகள் தள்ளி நின்றுகொண்டிருந்தது. அடையாளம் என்ற கட்டத்தில் ஒரு சொல் எழுதினால் போதும். நான் 'முகவரி முழுமையில்லை' என்று எழுதிப் படிவத்தை மூடினேன். பதினெட்டுப் பேரையும் நான்தான் போகவிட்டேன். அவர்களுள் தையற்காரம்மா சாகவேண்டியவர் அல்லர். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பமிடுகிறேன்.

ஆனால் தங்கையிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அம்மா. மூச்சு அந்த நிலைக்கு வந்தவருக்கு விரல்கள் தம் வசத்தில் இரா. நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நல்லாப் பேசுறீங்க என்று சொன்னவர், என்னைத் தனியே விட்டுவிட்டுப் போக எண்ணியிருக்கமாட்டார். கை தவறித்தான் இணைப்பு அறுந்திருக்கும். கை தவறித்தான் தங்கையின் எண்ணுக்கு மணி போயிருக்கும்.